சேர்மனுக்குக் கல்வெட்டு வாங்கி வர மைசூர் போனேன்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது வயது. போன அட்மிஷன் சீசனில் எதிர்த்த ரோட்டுக் கல்லூரி 'முப்பது ஆண்டுப் பாரம்பரியம்' என்று பஸ் நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தது. அன்றைக்குப் போன தூக்கம் எங்கள் சேர்மனுக்குத் திரும்பி வரவே இல்லை.

'எங்கள்' என்றால் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கேதான் பி.இ. படித்தேன், அங்கேயே பிராண்டிங் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்துவிட்டேன். ப்ளேஸ்மென்ட் கணக்கில் என் தலையையும் எண்ணிக்கொண்டார்கள்.

கேம்பஸை ஒட்டி ஒரு பழைய சிவன் கோயில். இரண்டு வருடம் முன்பு சேர்மன் சொந்தச் செலவில் கும்பாபிஷேகம் செய்தார். கல்லெல்லாம் கறுப்பாக இருக்கிறதே, பளிச்சென்று ஆக்குங்கள் என்று சொல்ல, கம்ப்ரஸரோடு ஒரு பார்ட்டி வந்து சுவர் முழுக்க மணலைப் பீய்ச்சியடித்தது. கோயில் பளிச்சென்றுதான் ஆனது. சுவரில் இருந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. போனது எழுத்து என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. ஏதோ கிறுக்கல் என்று நினைத்தோம். நானும்தான்.

அப்புறம் லைப்ரரிக்கு யாரோ தானமாகக் கொடுத்த பழைய பட்டியல் ஒன்றில் ஒற்றை வரி சிக்கியது. அந்தக் கோயில் சுவரில் கல்விச் சாலைக்கு நிலம் விட்ட கல்வெட்டு இருக்கிறது, அதன் காகிதப் படி மைசூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று. சேர்மன் என்னை ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார்.

“ஏந்தம்பி, ஆயர வருசத்துக்கு முந்தியே நம்ம எடத்துல காலேஜு இருந்திருக்குது பாத்தியா? இனி எதுத்த ரோட்டுக்காரன் முப்பதை வெச்சுட்டு என்ன பண்ணுவான்? நீ போயி அந்தப் படத்தை வாங்கிட்டு வா. அட்மிஷன் ஹால்ல பத்தடிக்கு மாட்டோணும். வெள்ளிக்கெழமைக்குள்ள படத்தோட வந்தீன்னா வேலை பர்மனென்டு. இல்லீன்னா...”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். மலையெல்லாம் ஒழுங்காக ஏறி இறங்கிய பஸ், சாமராஜநகர் வந்ததும் உயிரை விட்டது. வேறு பஸ் பாருங்கள் என்று இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் போர்டெல்லாம் கன்னடம். ஒரு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அத்தனை பேரும் தமிழ். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். நம்மாட்கள் பஸ் என்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். நம்மாட்கள் எல்லோரும் மைசூருக்குத்தான் போவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் ஓர் அக்கா, மடியில் பட்டுச் சேலைக் கட்டு. அரை மணி நேரம் கழித்து, “மைசூர் எப்ப வருமுங்க?” என்று கேட்டேன்.

“இந்த பஸ்ஸுல போனா எப்பவுமே வராது. இது கொள்ளேகால் பஸ்ஸுங்க.”

“அப்படியா!”

“போர்டைப் படிக்கலீங்களா? பாத்தா படிச்ச புள்ளையாட்டம் இருக்கறீங்க.”

“பி.இ.ங்க.”

“ஓ. அப்பச் செரி,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொள்ளேகாலில் இறங்கித் தட்டு இட்லி தின்றேன். பெயருக்கேற்ற அளவு, ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது. சாம்பாரில் வெல்லம். எங்கள் வீட்டில் இப்படி வைத்தால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டு வாளி குடித்தேன் என்பது வேறு விஷயம். மைசூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை அரசுப் பல்கலைக்கழகம். நான் என்ன மனநிலையில் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் காரை பெயர்ந்த சுவர், கால் ஆடும் நாற்காலி, 'லஞ்ச் முடிஞ்சு வாங்க'. எங்கள் ப்ரோஷரில் நானே எழுதியிருக்கிறேன்: 'அரசு நிறுவனங்கள் நேற்றைய தினம், நாங்கள் நாளைய தினம்.' இந்த வரிக்கு சேர்மன் எனக்குக் காபி வாங்கித் தந்தார்.

முதல் அதிர்ச்சி, என்னை யாருமே நிறுத்தவில்லை. எங்கள் கேட்டில் மூன்று செக்யூரிட்டி, ஒரு ஸ்கேனர், வாயைப் பிளந்த இரண்டு சிமென்ட் சிங்கம். இங்கே ஊர்க்காரர்கள் தொப்பையைக் குறைக்க மரத்தடியில் வேக வேகமாக நடக்கிறார்கள். ஒரு பெண்மணி கறிவேப்பிலைப் பையோடு குறுக்கே போகிறார். ஸ்கூட்டரில் குடும்பமே போகிறது. இது பல்கலைக்கழகமா, மெயின் ரோடா என்று சந்தேகம் வந்துவிட்டது.

கல்வெட்டுப் படிகள் இருக்கும் துறை, வளைவு வளைவாகத் தூண் வைத்த பழைய கட்டடத்தில் இருந்தது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. எனக்குப் பரம திருப்தி. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் நஞ்சுண்டண்ணா. ரெக்கார்டு ரூம் சாவி அவரிடம்தான்.

“ஏன் பேக்கு?” என்றார். நான் விழித்ததைப் பார்த்து அவரே தமிழுக்கு மாறினார். “என்னா வேணும் சார்?”

சொன்னேன். ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், ஊர், கோயில். அப்புறம் ஒரு கட்டம்: என்ன உபயோகத்துக்கு? பெருமையாக எழுதினேன்: அட்மிஷன் விளம்பரம். கையெழுத்துப் போட்டுவிட்டு பர்ஸை எடுத்தேன்.

“எவ்வளவுங்க?”

“ஏனு இல்லா. ஒண்ணும் இல்ல.”

“சும்மாவா?”

“உங்க ஊர்க் கல்லு, சர்க்கார் பேப்பரு. இதுல நான் எதுக்குக் காசு வாங்கறது?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “கீழ ரூல்ஸ் படிச்சீங்களா?”

“படிச்சேன்,” என்றேன். படிக்கவில்லை. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது யார் படிக்கிறார்கள்?

“நாளிக்கு பன்னி. நாளைக்கு வாங்க. தேடி வெச்சிருக்கேன்.”

பார்த்தீர்களா, நாளைக்கு! என் ப்ரோஷர் வரி நிரூபணமாகிவிட்ட குஷியில் கேன்டீன் தேடிப் போனேன். அங்கேதான் ரேவதி மாட்டினாள். மாட்டியது அவளா நானா என்று இன்னும் முடிவாகவில்லை. அதே துறையில் பிஎச்.டி. பண்ணுகிறாள், என் வயதுதான் இருக்கும். நஞ்சுண்டண்ணா சொல்லித்தான் என்னைத் தேடி வந்தாள்.

“கோயமுத்தூரு பார்ட்டி நீங்கதானுங்களா? நான் ரேவதி. கொள்ளேகாலைத் தாண்டி அனூர் பக்கம் ராமாபுரம். உங்க கல்வெட்டை நாளைக்கு நாந்தான் படிச்சுக் காட்டோணும்.”

“படிக்க எல்லாம் வேண்டாங்க, படம் போதும்,” என்றேன்.

அவள் எனக்கும் சேர்த்து ராகிக் களி வாங்கி வந்தாள். இங்கே முத்தெ என்கிறார்கள். பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். பக்கத்து மேசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

என் 'நேற்றைய தினம், நாளைய தினம்' தத்துவத்தை அவளுக்கும் எடுத்து விட்டேன். வைஃபை, ஏசி வகுப்பு, ரோபோ லேப் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்பா என்ன பண்றாரு?”

“வெவசாயம். கோபிப் பக்கம் வயலு.”

“என்ன நெல்லு போடறாரு?”

“கோ-அம்பத்தொண்ணு.”

“கோன்னா என்னங்க?”

யோசித்ததே இல்லை. யோசித்தேன். “கோயமுத்தூரு.”

“அதை அங்க எந்த ஏசி லேப்புல கண்டுபிடிச்சாங்க? உங்க ரோபோவா?”

வாயிலிருந்த களியை இந்த முறை மெல்லாமல் விழுங்கினேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது அரசாங்க வேளாண்மைப் பல்கலைக்கழகத்து நெல். வருடா வருடம் அதைத்தான் தின்கிறேன். என் ப்ரோஷர் வரியை டைப் அடித்த நாள் மதியம் தின்றதும் அதுதான்.

“இந்த ராகியும் இங்கத்த சர்க்கார் பண்ணையில ஒட்டுக் கட்டுன ரகந்தான். வித்தவங்க பேரு பாக்கெட்டுல இருக்கும். கண்டுபிடிச்சவங்க பேரு யாருக்குத் தெரியும்? அப்பறம் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க காலேஜு பஸ் பீஸு எவ்வளவுங்க? வருசத்துக்கு?”

சொன்னேன்.

“அதுல நான் எம்.ஏ.வையே முடிச்சுட்டேன்,” என்று கையைக் கழுவப் போய்விட்டாள்.

திரும்பும்போது வராந்தாவில் ஒரே பாட்டுச் சத்தம். மாதேஸ்வர மலைப் பாட்டுக்காரர்கள் நான்கு பேர் கம்பளி போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து பாட, இரண்டு மாணவர்கள் மைக் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மூத்த பாட்டுக்காரர் நடுவில் நிறுத்தி ஏதோ கேட்டார். ரேவதி சிரித்தாள்.

“என்ன கேக்கறாரு?”

“எம் பேரன் செல்லுல பாட்டு கேக்கறான், எம் பாட்டைக் கேக்க மாட்டேங்கறான். நீங்க பண்றது அவன் செல்லுல வருமான்னு கேக்கறாரு.”

“வருமா?”

“வரும். யாரு வேணா எறக்கிக்கலாம். சும்மாத்தான்.”

சும்மா, சும்மா! இந்த ஊரில் எதற்குமே விலை ஒட்டமாட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் மார்க்கெட்டிங் டீம் ஒரு வாரம் இங்கே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

வியாழக்கிழமை காலை. நஞ்சுண்டண்ணா சொன்னபடி எடுத்து வைத்திருந்தார். நீள மேசையில் இரண்டு பெரிய தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்களாம். குழி வெள்ளையாக நிற்கும், மீதி கறுப்பாகும். எங்கள் கோயில் சுவரில் இப்போது ஒரு புள்ளிகூட இல்லை. இங்கே உளி வழுக்கின இடம்கூடத் தெரிகிறது.

தமிழ்தான் என்றார்கள். குனிந்து பார்த்தேன். ஒரு 'ட' தெரிந்தது. அதுவும் 'ப' என்றாள் ரேவதி.

தாளின் ஓரத்தில் பென்சிலில் மூன்று பெயர். “எங்க டிபார்ட்மென்ட்டுப் பசங்க. எங்கப்பா பொறக்கறதுக்கு முந்தி. ஏணி கட்டி ரெண்டு நாள் எடுத்திருக்காங்க. ஃபீல்டு நோட்டு இருக்குது, பாக்கறீங்களா?”

பழுப்பு நோட்டு. ஊர் பெயர், சுவர் அளவு, திசை. கடைசியில் ஒரு வரி: ஊரில் யாரும் சோறு கொடுக்கவில்லை, இரண்டு நாளும் வாழைப்பழம். நான் நோட்டை மெதுவாக மூடி வைத்தேன். எங்கள் கேம்பஸ் ஊர்க்காரர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது இது ஒன்றுதான் போல.

ரேவதி முதல் தாளைப் படித்தாள். ஒரு கொங்குச் சோழ ராஜாவின் பெருமை, நிலத்துக்கு நான்கு எல்லை, அந்த நிலத்தைக் கல்விச் சாலைக்கு வரியில்லாமல் விட்ட சேதி. எல்லையில் ஓர் ஏரி வந்தது. கோயிலுக்கு எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால், அந்த ஏரி இருந்த இடத்தில்தான் எங்கள் இன்டோர் ஸ்டேடியம் நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பத்தடிப் படம், தங்க ஃப்ரேம், பர்மனென்ட்!

“ரெண்டாவது தாளுங்க,” என்றாள் ரேவதி. குரலில் ஒரு மாதிரி சந்தோஷம் இருந்தது. “இங்க ஓதற மாணிங்க, அதாவது படிக்கற பசங்க, அவங்ககிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாது. தெனமும் சோறு இந்த நெலத்து வெளைச்சல்ல இருந்து போடோணும். சொல்லிக் குடுக்கறவங்களுக்கும் இதுலயே நெல்லு. நெலத்தை வேற காரியத்துக்கு மாத்தக் கூடாது.”

“மாத்துனா?”

“கங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன பாவத்துல போவான்.”

மேசை மேல் ஃபேன் சுற்றியது. எங்கள் காலேஜில் மெஸ் ஃபீஸ் தனி, ஹாஸ்டல் ஃபீஸ் தனி. ஃபைன் கட்டத் தாமதமானால் அதற்கொரு ஃபைன்.

“மொதல் தாளு மட்டும் எடுத்துக்கறேங்க,” என்றேன்.

நஞ்சுண்டண்ணா படிவத்தை என் முன்னால் வைத்து, நான் படிக்காத ரூல்ஸில் விரலை ஊன்றினார். படத்தை முழுசாகப் போட வேண்டும். படத்தோடு பாடமும், அதாவது கல்லில் எழுதியிருப்பதும், இன்றைய தமிழில், படம் எந்த அளவோ அந்த அளவுக்கு, மக்கள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். கீழே என் கையெழுத்து, கம்பீரமாக.

“இப்படி ஒரு ரூலு எதுக்குங்க?”

“முன்னாடி ஒருத்தர் வந்தாரு,” என்றார். “நாலு வரி மட்டும் வாங்கிட்டுப் போயி ஜாதிச் சங்கத்துப் போஸ்டர்ல போட்டாரு. அஞ்சாவது வரியில அவர் தாத்தனுக்குத் தாத்தன் ஏரித் தண்ணி திருடுனதுக்கு தண்டம் கட்டுன கதெ. அதுக்கு அப்புறம் இந்த ரூலு.”

வெளியே மரத்தடிக்கு வந்து சேர்மனுக்கு ஃபோன் போட்டேன். ரேவதியும் வேடிக்கை பார்க்க வந்தாள். முதல் தாளைச் சொல்லும்வரை மனிதர் துள்ளினார்.

“ஏரி நம்ம ஸ்டேடியமா? அடங்கொன்னியா! செரி, ரெண்டாவதுல என்ன?”

“படிக்கற பசங்ககிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாதாமுங்க. சோறும் சும்மா போடோணுமாமுங்க.”

“அது அந்தக் காலம். அப்பறம்?”

“மாத்துனா, கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவமாமுங்க.”

துள்ளல் நின்றது. பிறகு தாழ்ந்த குரலில், “அது யாருக்கு தம்பி? நெலத்தை வித்தவனுக்கா, வாங்குனவனுக்கா?”

ஃபோனைப் பொத்திக்கொண்டு ரேவதியைக் கேட்டேன். “மாத்துனவனுக்குன்னுதான் போட்டிருக்குது,” என்றாள்.

“மாத்துனவனுக்காமுங்க.”

“செரி, மொதத் தாளு மட்டும் கொண்டா.”

“குடுக்க மாட்டாங்களாமுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“எவ்வளவு வேணுமோ குடுத்தர்லாம்னு சொல்லு.”

“காசே வாங்க மாட்டேங்கறாங்க.”

“காசு வாங்காத ஆளுகிட்ட எப்படித் தம்பி பேசறது?” கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அடுத்து, “நம்ம செவுத்துல இப்ப அந்த எழுத்து இல்லையில்ல?”

“இல்லீங்க. நாமதான் மணலடிச்சுட்டமே.”

“அப்ப மைசூர்ல இருக்கறது மட்டுந்தான். அதை மொத்தமா வாங்கிட்டா?”

“அது பொதுவாமுங்க. யாரு வந்து கேட்டாலும் காட்டுவாங்களாமுங்க.”

“பொதுவா,” என்றார், காபியில் ஈ கிடந்ததைப் பார்த்த மாதிரி. “அப்ப நீயும் அங்கியே பொதுவா இருந்துக்க. இங்க வர வேண்டாம்.”

வைத்துவிட்டார். வேலை போன விதத்தில்கூட ஒரு ஸ்டைல் இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

ரேவதிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “அய்யோ, வேலை போச்சுங்களா?” என்றாள். “ஊருக்குப் போயி என்ன சொல்லுவீங்க?”

“தெரியலீங்க,” என்றேன். உண்மைதான். அப்பா பக்கத்து வயல்காரர்களிடம் எல்லாம் 'பையன் யுனிவர்சிட்டியில இருக்கறான்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். பெரிய பெரிய அலகோடு நாரைகள், ஃபீஸ் கட்டாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தன. இதே மாதிரி ஓர் ஏரி எங்களுக்கும் இருந்தது என்று காலையில்தான் தெரிந்தது. அதில் இப்போது பாட்மின்டன் ஆடுகிறோம்.

வெள்ளிக்கிழமை காலை திரும்பவும் துறைக்குப் போனேன். “ரெண்டு தாளோட போட்டோவும் வேணுங்க. பாடமும்.”

நஞ்சுண்டண்ணா படிவத்தை எடுத்து, 'அட்மிஷன் விளம்பரம்' என்று நான் எழுதியிருந்த கட்டத்தைக் காட்டினார். “இது இப்பவும் அதேதானா, மாத்தணுமா?”

யோசித்தேன். “அதேதானுங்க,” என்றேன்.

ரேவதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். படங்களையும், அவளே இன்றைய தமிழில் தட்டச்சு செய்த பாடத்தையும் என் செல்லுக்கு அனுப்பினாள். சும்மா.

பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு மத்தூர் வடையைக் கடித்தபடி வாட்ஸ்அப்பைத் திறந்தேன். வேலைதான் போயிருந்தது. இந்த வருட அட்மிஷன் பெற்றோர் குழுவில் நான் இன்னும் அட்மின். என்னைத் தூக்க யாருக்கும் இதுவரை ஞாபகம் வரவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மக்கள் பார்க்கிற இடத்தில், படத்தோடு பாடம். அட்மிஷன் விளம்பரம். முதல் தாள், இரண்டாம் தாள், கீழே பாடம் முழுசாக, பசு வரைக்கும். அனுப்பினேன்.

பஸ் நகர்ந்தது. நீல டிக்குகள் விழத் தொடங்கின. யாரோ கைகூப்பும் பொம்மை போட்டார்கள். இன்னொருவர் 'ஓம் நமசிவாய' என்றார். பிறகு பெருந்துறையிலிருந்து ஓர் அப்பாவின் குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

“சார், வணக்கமுங்க. முழுசும் படிச்சனுங்க. அப்ப புள்ளைக்கு மெஸ் பீஸ் கட்ட வேண்டாங்களா?”

நான் பதில் டைப் செய்து முடிப்பதற்குள் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.